எலுமிச்சம்பழம் ஊறுகாய்க்கு!

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: சருமத்தைக் காக்கச் சிறந்தது அஞ்சறைப் பெட்டியா, அலங்காரக் கடையா? ‘அஞ்சறைப் பெட்டியே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

நடுவர் அவர்களே! இன்றைக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பவுடர் பூசிக்கொண்டு வந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) பொங்கல் அன்றைக்குக் கரும்பையும் விட்டுவிட்டு எங்கள் பேச்சைக் கேட்க வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார். “மஞ்சள் சாம்பாருக்கு, பயறு சுண்டலுக்கு. சமையல் கட்டுல இருக்கிறதை ஏன் முகத்துல கொண்டுபோய் ஒட்டுறீங்க? விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்திருக்கு!” அப்படீன்னார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன், பக்கத்துல தட்டினாங்கன்னு. (சிரிப்பு)

தம்பி, விஞ்ஞானம் வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்துக்கு 1995-ஆம் வருஷம் மார்ச் மாதம் ஒரு காப்புரிமை கொடுத்தார்கள். எண் 5,401,504. எதுக்குத் தெரியுமா? மஞ்சள் தூளைப் போட்டால் புண் ஆறும் என்பதற்கு! எங்க அப்பத்தா கதவிடுக்குல விரலை நசுக்கிக்கிட்டு வந்த எனக்கு மஞ்சளை அப்பினதுக்கு, அமெரிக்காவுக்குப் பணம் கட்டணும்னு ஆகியிருக்கும். (கைதட்டல்) நம்ம நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம், டாக்டர் மஷேல்கர் தலைவராக இருந்த நேரம், சும்மா இருக்கவில்லை. 32 ஆவணங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். பழைய சமஸ்கிருத நூல்கள், 1953-இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த கட்டுரை, எல்லாத்தையும் மேசை மேல போட்டு, “இது எங்க வீட்டு விஷயம்யா” என்று வாதாடினார்கள். 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்தாச்சு.

ஆனால் ஒன்று, நான் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ‘இது புதுசு இல்லை’ என்பதுதான் அங்கே தீர்ப்பு. மஞ்சளைப் போட்டால் எல்லாப் புண்ணும் ஆறிடும்னு யாரும் தீர்ப்பு எழுதலை. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

அடுத்து எங்க வீட்டுக்காரர் கதை. (சிரிப்பு) இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க! ஒரு ஞாயிற்றுக்கிழமை பயத்தம்மாவையும் தயிரையும் குழைச்சு, முகத்துக்குப் போடலாம்னு ஒரு கிண்ணத்துல வச்சுட்டு, குளிக்கத் தண்ணி வைக்கப் போனேன். திரும்பி வந்தா கிண்ணம் காலி. மனுஷன் தோசைக்குத் தொட்டுச் சாப்பிட்டு முடிச்சுட்டார். “சட்னி நல்லாத்தான் இருக்கு, உப்புதான் கொஞ்சம் கம்மி” என்கிறார். (பலத்த சிரிப்பு) ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் நல்லாத் தூங்கினார். எதிரணி நண்பர்களே, நீங்க பூசுகிற கிரீமை அப்படித் தோசைக்குத் தொட முடியுமா?

இந்தக் கதையை நான் பல மேடையில் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு, “சாப்பிடக்கூடியது எதுவோ அதை மட்டும் தோலில் போடுங்க” என்று முடிப்பேன். கைதட்டல் வரும். இன்றைக்கு அந்த வரியை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஏன்னா அது தப்பு. மிளகாய் கூடச் சாப்பிடக்கூடியதுதான். கண்ணுல போடுவோமா? அந்த வரி தப்பு என்பது என் முகத்துக்கே தெரியும். அதை இதுவரைக்கும் மேடையில் சொன்னதில்லை.

எனக்கு அப்போ 19 வயது. நான் நல்ல கறுப்பு, இப்ப இருக்கிற மாதிரியேதான். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வர்றாங்க. திங்கட்கிழமை பக்கத்து வீட்டு அக்கா ஒரு குறிப்பு சொன்னாங்க. “எலுமிச்சம்பழத்தை ரெண்டா வெட்டி முகத்துல தேய்ச்சுட்டு அரை மணி நேரம் ஊற விடு. மூணே நாள்ல நிறம் வந்துரும். இயற்கைப் பொருள்தானே, என்ன செஞ்சிரும்?” சாறு வீணாகக் கூடாதுன்னு தோலோட சேர்த்து நல்லா அழுத்தித் தேய்ச்சேன். அன்னைக்கு மொட்டை மாடியில வத்தல் காய்ஞ்சுது. காக்கா விரட்டுற வேலை எனக்கு. ஊற வைக்கிறதும் காக்கா விரட்டுறதும் ஒண்ணாவே நடக்கட்டுமேன்னு வெயில்லயே உட்கார்ந்தேன்.

அன்னைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் கன்னம் திகுதிகுன்னு எரிஞ்சுது. அதற்கு மறுநாள் கொப்புளம். கொப்புளம் வாடின இடத்துல, என் நிறத்தைவிடவும் கறுப்பா, சாறு வழிஞ்ச கோடு கோடாத் தழும்பு. நிறத்துக்குப் போட்டேன், நிறம் வந்துச்சு. எந்தப் பக்கம்னு சொல்லலை பாருங்க அந்த அக்கா! (சிரிப்பு)

அப்பத்தா என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு. திட்டலை. “ஏண்டி, உன்னைக் குளிப்பாட்டின இத்தனை வருஷத்துல நான் எப்பவாச்சும் எலுமிச்சம்பழத்தை மூஞ்சில தேய்ச்சிருக்கேனா? அது ஊறுகாய்க்குடி!” என்றது.

பின்னால் ஒரு தோல் மருத்துவர்தான் விளக்கம் சொன்னார். எலுமிச்சையில், முக்கியமாக அதன் தோலில், சோரலன் வகையைச் சேர்ந்த பொருள்கள் இருக்கின்றன. இருட்டில் அவை சாது. வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் பட்டால்தான் வேலையைக் காட்டும், தோலை வேக வைத்துவிடும். கறுத்த தழும்பு மறையச் சில பேருக்கு வாரம், சில பேருக்கு மாதம். எனக்கு ஐந்து மாதம் ஆச்சு. வெள்ளிக்கிழமை வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, “போய் லெட்டர் போடுறோம்” என்று போனார்கள். இன்றைய தேதி வரை லெட்டர் வரவில்லை. நம்ம தபால்துறை மேல எனக்கு நம்பிக்கை உண்டு, வந்தாலும் வரும். (சிரிப்பு, கைதட்டல்)

“ஆகா! எங்க கட்சிக்கே பாயிண்ட் எடுத்துக் கொடுத்துட்டாங்க”ன்னு எதிரணியில் பேனாவை எடுத்துவிட்டார்கள். எழுதிக்கங்க தம்பி, மிச்சத்தையும் எழுதிக்கங்க.

என்னைச் சுட்ட அந்தச் சோரலன் இன்னொரு இடத்துல மருந்து. கார்போக அரிசின்னு நாட்டு மருந்துக் கடையில சின்னச் சின்னதாக் கறுப்பு விதை விற்பாங்க. அதிலயும் சோரலன் இருக்கு. தோல்ல வெள்ளை விழுந்தவங்களுக்குச் சித்த வைத்தியத்துல அதைக் கொடுத்து, வெயில்ல காட்டச் சொல்லுவாங்க. இன்றைய ஆஸ்பத்திரியிலயும் சோரலனைக் கொடுத்து, அளந்து அளந்து புற ஊதா வெளிச்சம் காட்டுகிற சிகிச்சை இருக்கிறது. அதே விதையில் ‘பகுச்சியால்’ என்று வேறொரு பொருளும் உண்டு. முகச்சுருக்கத்துக்கான ரெட்டினாலோடு அதை ஒப்பிட்டு, 44 பேரிடம் 12 வாரம் சோதித்த ஆய்வு ஒன்று 2019-இல் பிரிட்டன் தோல் மருத்துவ சஞ்சிகையில் வந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி பலன் தந்தன, பகுச்சியாலில் எரிச்சல் குறைவு என்றார்கள். நாட்டு மருந்துக் கடையில காகிதத்துல மடிச்சுக் கொடுத்தது, இப்போ கண்ணாடிக் குப்பியில சொட்டு மருந்தாத் திரும்பி வருது.

இங்கேதான் என் கட்சி இருக்கிறது, நடுவர் அவர்களே. அந்த விதையை நலங்கு மாவிலும் போடுவார்கள். அப்பத்தா போடாது. ஏன்னு கேட்டா, “அது மருந்துடி, மாவு இல்ல” என்று சொல்லும். சோரலன்னு அதுக்குத் தெரியாது, புற ஊதாக் கதிர் தெரியாது. ஆனா எது மருந்து, எது மாவு என்று தெரிந்திருந்தது. அஞ்சறைப் பெட்டி என்று நான் சொல்வது அந்த மரப்பெட்டியை இல்லீங்க. பெட்டியைத் திறக்கிற கையை!

அந்தக் கை என்ன செய்யும்னு சொல்றேன். சோற்றுக் கற்றாழை எடுத்துக்கங்க. இப்போ எல்லாரும் தொட்டியில வளர்க்கிறோம். வெட்டின உடனே மஞ்சளா ஒரு பால் வடியும். அதில் அலோயின் என்று ஒரு பொருள், தோலுக்கு அரிப்பு, வயித்துக்குப் பேதி. அப்பத்தா மடலை வெட்டினதும் சுவரோரமா நிமிர்த்தி வச்சிடும். பால் முழுக்க வடியணும். அப்புறம் தோலைச் சீவி, உள்ளே இருக்கிற சதையை ஏழு தண்ணி விட்டுக் கழுவும். ஏழுதான். நாங்க எண்ணிக்கிட்டே நிப்போம். ஆறோட நிறுத்தினா விடாது. வெட்டின சூட்டோட முகத்துல தேய்ச்சுட்டு “கற்றாழை எனக்குச் சேரலை”ன்னு சொல்றவங்க பாதிப் பேர் கழுவியே இருக்க மாட்டாங்க.

பச்சைப் பயறு. எதிரணி அக்கா, “சோப்பை விடப் பயறு எந்த விதத்துல உசத்தி?” என்று கேட்டார்கள். நம்ம தோல் லேசான புளிப்புத் தன்மை உடையது. சாதாரணக் கட்டி சோப்பு காரம். ரெண்டு வேளையும் காரத்தைப் போட்டுத் தேய்ச்சா, இயல்பா இருக்கிற எண்ணெய்ப் பசையையும் வழிச்செடுத்துட்டுப் போயிடும். காஞ்ச தோல் உள்ளவங்களுக்குக் குளிச்சு அரை மணியில கால் எல்லாம் கோடு கிழிக்கலாம், சிலேட்டு மாதிரி. பயத்தம்மாவு அப்படி வழிக்காது. அழுக்கையும் அதிகப்படி எண்ணெயையும் ஒத்தி எடுத்துட்டு வந்துடும். அவ்வளவுதான் அதோட வேலை. அதுக்கு மேல அது ஒன்றும் மந்திரம் பண்ணாது.

தேங்காய் எண்ணெய். எங்கம்மா தலையில தேய்ச்ச மிச்சத்தைக் கையில, கால்ல, எதிர்ல யார் நின்னாலும் அவங்க முகத்துல தடவிட்டுத்தான் கையைத் துடைப்பாங்க. (சிரிப்பு) அதை நாம பட்டிக்காட்டுப் பழக்கம்னு நினைச்சோம். பிலிப்பைன்ஸ் நாட்டில் கரப்பான் மாதிரி அரிக்கிற தோல் நோய் உள்ள 117 குழந்தைகளிடம் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிக்குச் செக்கு எண்ணெய் மாதிரி சுத்தமான தேங்காய் எண்ணெய், இன்னொரு பாதிக்குக் கடையில் விற்கிற கனிம எண்ணெய். எட்டு வாரத்துல தேங்காய் எண்ணெய் போட்ட பிள்ளைகளுக்குத்தான் கூடுதல் குணம். அதுக்காக முகப்பரு இருக்கிற பிள்ளை முகத்துல தேங்காய் எண்ணெயைக் கொட்டாதீங்க, பரு இன்னும் கொழுத்துக்கிட்டு வரும். கைகாலுக்குச் சரி, பரு வர்ற முகத்துக்குச் சரியில்லை. இந்தக் கணக்கைத்தான் கடைக்காரர் சொல்ல மாட்டார். அவருக்கு எல்லா முகமும் ஒரே முகம்.

மருதாணி இலையை அரைச்சு வச்சா ராத்திரி முழுக்கக் கையைத் தூக்கிக்கிட்டே தூங்கணும். காலையில ஆரஞ்சு, சாயங்காலம் சிவப்பு. அதுதான் இலையோட நிறம். கல்யாண மண்டப வாசல்ல ஒரு மணி நேரத்துல கறுப்பாச் சிவக்கிற கோன் கொடுக்கிறாங்களே, அதில் இலையின் நிறம் மட்டும் இருக்காது, முடிக்கு அடிக்கிற சாயத்துப் பொருளைக் கலந்திருப்பாங்க. சில பேர் கையில பூப்போட்ட டிசைனிலேயே கொப்புளம் வரும். மேலே ‘ஹெர்பல்’னு போட்டு ஒரு இலைப் படம் இருக்கும். இலைப் படம் போட்டதெல்லாம் எங்க கட்சி இல்லீங்க ஐயா! அதையும் எதிரணியிலேயே சேர்த்துக்கச் சொல்லுங்க. (கைதட்டல்)

மஞ்சள் தூள் விஷயமும் அப்படித்தான். பளிச்சுன்னு தெரியணும்னு ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைச் சேர்க்கிற அநியாயம் உண்டு. வங்கதேசத்தில் அதைக் கண்டுபிடித்து அரசாங்கமே இறங்கி வேட்டை நடத்தியது. 2019-இல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம், 2021-இல் ஒன்றில்கூட இல்லை. நினைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி. நாம என்ன செய்யலாம்? கிழங்கா வாங்கி, அந்தக் காலத்து உரைகல்லிலே நாலு உரை உரைச்சுப் பூசலாம். அரைக்கணும்னா மில்லுக்குக் கொண்டுபோங்க. ஆனா மில்லுல யாருக்குப் பின்னாடி நிக்கிறீங்கன்னு பார்த்து நில்லுங்க! ஒருத்தர் மிளகாய் அரைச்சுட்டுப் போன சூட்டோட உங்க நலங்கு மாவைக் கொட்டினா, மறுநாள் காலையில குளியலறைக்குள்ளேயிருந்து வர்ற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். (பலத்த சிரிப்பு) அரிசி அரைச்சவங்க, உளுந்து அரைச்சவங்க பின்னாடி நில்லுங்க.

புது மாவு அரைச்சா அப்பத்தா முதல்ல தன் முழங்கை மடிப்புல கொஞ்சம் குழைச்சுத் தடவிக்கிட்டு ஒரு நாள் பார்க்கும். அப்புறம்தான் பிள்ளைகளுக்கு. வீட்டுல யார் தோலுக்கு எது ஆகாதுன்னு அதுக்கு மனப்பாடம். “சின்னவளுக்குக் கடலை மாவு ஆகாது, பெரியவனுக்கு வேப்பிலை காயும்” என்று சொல்லும். தோல் மருத்துவர்கள் இன்றைக்குச் செய்கிற ‘பேட்ச் டெஸ்ட்’டுக்கு அது அண்ணன் தம்பி முறை.

எதிரணி சொன்னதில் ஒன்றை நான் தலைவணங்கி ஒத்துக்கொள்கிறேன். டாக்டரிடம் போக வேண்டிய இடத்தில் அஞ்சறைப் பெட்டியைத் திறக்கக் கூடாது. தேமல் மாதிரி வெளுத்த இடத்துல தொட்டா உணர்ச்சி இல்லைன்னா, அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. அது தொழுநோயா இருந்தா மாத்திரை இலவசம், முழுசாக் குணமாகும். குப்பைமேனியை அரைச்சுப் போட்டு ஒரு வருஷம் ஓட்டினா, போன உணர்ச்சி திரும்ப வராது.

ஆனா எதிரணியைப் பார்த்து நானும் ஒன்று கேட்கணும். 1975-இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்று ஒரு கிரீம் வந்தது. 45 வருஷம் கழிச்சு, 2020-இல், அந்த ‘ஃபேர்’ என்ற வார்த்தையை எடுத்துவிட்டு ‘க்ளோ’ என்று மாற்றினார்கள். அந்த 45 வருஷத்துல வளர்ந்த பொண்ணுங்கள்ல நானும் ஒருத்தி. பேரையாவது மாத்தினாங்க, சந்தோஷம். பேரே இல்லாத டப்பாவுல வர்ற வெளுப்புக் கிரீம் சிலதுல பாதரசம். நிறம் உண்டாகிறதைத் தடுக்கும், கூடவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருந்துக் கடையில ‘முகத்துக்கு ஏதாவது கொடுங்க’ன்னு வாங்குகிற களிம்பு சிலதுல ஸ்டீராய்டு. முதல் மாசம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிஞ்சு, சிவந்து, பருவும் முடியும் வளர்ந்து, நிறுத்தவும் முடியாது, போடவும் முடியாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அந்தக் களிம்புகளை விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. சீட்டு இல்லாமல் கேட்கிறதை நாம நிறுத்தினோமா?

இதையெல்லாம் வாங்க வைக்கிறது விஞ்ஞானமும் இல்லை, வியாபாரமும் முழுக்க இல்லைங்க. “புள்ள நல்ல புள்ளதான், கொஞ்சம் நிறம் மட்டு”ன்னு ஒரு வார்த்தை சொல்றோமே, அது. அதை எங்க அப்பத்தாவும் சொல்லியிருக்கு. மறைக்க மாட்டேன். “வெயில்ல அலையாதடி, கறுத்துப் போவே”ன்னு சொன்னதும் அதே வாய்தான். எலுமிச்சம்பழத்தை என் கையில கொடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. தேய்க்கணும்னு தோண வச்சது எங்க வீடு.

இதோ, நடுவர் மணியைத் தொட்டுட்டார். ஒரு நிமிஷம் ஐயா.

என் மகள் எட்டாம் வகுப்பு. என் நிறம். போன வருஷம் ஆண்டு விழா நடனத்துல கடைசி வரிசையில நிறுத்தினாங்க. உயரமும் இல்லை, ஆட்டமும் மோசம் இல்லை. ஏன்னு அவ கேட்கலை, எனக்கும் சொல்லத் தெரியலை. அன்னைக்கு ராத்திரி அப்பத்தாவோட மாவு டப்பாவை எடுத்துக்கிட்டு வந்து, “அம்மா, இதைத் தினம் போட்டா வெளுத்துருவேனா?”ன்னா.

ஆமான்னு சொல்லியிருந்தா அவ சந்தோஷமாத் தூங்கியிருப்பா. நான் “இல்லடி”ன்னேன். “அழுக்குப் போகும், வேர்க்குரு அடங்கும், தோல் மெத்துனு இருக்கும். நிறம் மாறாது.” “அப்ப எதுக்கு இது?” “உனக்கு வேர்க்கும்ல, அதுக்கு.” டப்பாவை டக்குனு மூடி வச்சுட்டுப் போயிட்டா. ஒரு வாரம் தொடலை.

இந்த வருஷம் நடனத்துக்குப் பேர் கொடுக்கலை, கபடியில சேர்ந்துட்டா. மைதானத்துல வெயில் ஏறி இன்னும் நல்லாக் கறுத்துட்டா. சாயங்காலம் புழுதியோட வந்து, “மாவு எங்கம்மா?”ன்னுதான் முதல் வார்த்தை. ஒரு கைப்பிடி எடுக்கச் சொன்னா ரெண்டு கை அள்ளுறா. இரண்டு மாசத்துக்கு அரைச்சது பொங்கலுக்கு முன்னாலேயே தீர்ந்து போச்சு. பயறும் வெட்டிவேரும் மாடியில காயுது. நாளன்னைக்கு மில்லு திறந்ததும் போகணும், மிளகாய்க்காரங்க வர்றதுக்கு முன்னாடி.

(கைதட்டல்)